முப்பத்திரண்டு மணித் தஸ்பீஹ்

என் அன்பு மச்சான்,

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி, வெளிச்சமாக்கி வைக்கட்டும். நீங்கள் போய் இன்றைக்கு மூன்று மாதமும் பதினாறு நாளும் ஆகிறது. புருசன் மௌத்தான பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டிய இந்த இத்தா முடிய இன்னும் இருபத்து நான்கு நாள் கிடக்கிறது. அதுவரைக்கும் இந்த வாசற்படிக்கு உள்ளேதான் நான். வெளி ஆண்களுக்கு முன்னால் போக முடியாது, தெருவுக்கு இறங்க முடியாது. உங்கள் ஆட்டோ படங்கு மூடியபடி முற்றத்தில் நிற்கிறது. நம் மகள் சப்னா கல்முனைக்குப் படிக்கப் போய் வருகிறாள். ஜம்பு இந்த முறை நிறையக் காய்த்தது. பறிக்கத்தான் ஆளில்லை.

இதையெல்லாம் சொல்ல நான் எழுதவில்லை. வேறொரு விசயம் நெஞ்சில் கிடந்து குத்துகிறது. நீங்கள் ஓதி எண்ணுகிற மணிமாலையை, உங்கள் தஸ்பீஹைத் தொலைக்கப் பார்த்தேன் மச்சான். இப்போது என் இடது கையில்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் கையைவிட்டுப் போய்த்தான் திரும்பி வந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழையைச் சப்னா திருத்துவாள். கதையைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் இத்தாவும் இந்தக் காரியமும் முடிந்த பிறகு இந்தக் கடிதத்தை நாலு பெண்கள் வாசிக்கிற இடத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். என்னைப் போல வீட்டுக்குள் இருந்துகொண்டு போனில் விலை கேட்கிற பெண்கள் எத்தனை பேரோ.

அந்தத் தஸ்பீஹ் எப்படி வந்தது என்று நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். குவைத்தில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு வரும்போது உங்கள் முதலாளிக் கிழவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தது. மஞ்சள் மணி. மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகி உண்டான அம்பர் என்று அவர் சொன்னாராம். நான் பார்த்ததும் பிளாஸ்டிக் என்று சிரித்தேன். நீங்கள் ஒரு மணியை உள்ளங்கையில் தேய்த்து என் மூக்கில் பிடித்தீர்கள். லேசாகச் சாம்பிராணி மணத்தது.

சப்னாவுக்கு ஐந்து வயதில், கடற்கரையில் வைத்து, உங்கள் கையிலிருந்து இழுத்து அறுத்துவிட்டாள். மணியெல்லாம் மணலில் கொட்டிப் போனது. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் மூன்று பேரும் மணலை அரித்தோம். முப்பத்து மூன்றில் முப்பத்திரண்டு கிடைத்தது. முப்பத்து மூன்றாவதைக் கடல் கொண்டுபோய்விட்டது. வேறு ஒரு மணி போட்டுக் கோத்துவிடுங்களேன் என்றேன். “வேணாம் புள்ள, இதுக்குச் சோடி இஞ்ச கிடைக்காது” என்று மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பில் கோத்து, கறுப்பு நூலில் குஞ்சம் கட்டினீர்கள். அன்றிலிருந்து முப்பத்திரண்டை மணியிலும் கடைசி ஒன்றைப் பெருவிரலிலும் எண்ணினீர்கள். நீங்கள் போன நாளிலிருந்து நானும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் உங்கள் காக்கா வந்தார். இத்தாவில் இருக்கிற என்னைத் தம்பியின் பெண்சாதி என்றாலும் அவர் பார்க்கக் கூடாது. மண்டபத்துத் திரைக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்து, இந்தப் பக்கம் பாயில் இருந்த என்னோடு கதைத்தார். வீடு என் உம்மா வாப்பா எனக்குத் தந்தது, அது பங்கில் வராது. உங்கள் ஆட்டோவும், மாவடிப்பள்ளியில் இருக்கிற வயலும், உங்கள் பெயரில் உள்ள மற்றச் சாமான்களும் மார்க்கப்படி பங்கு வைக்கப்பட வேண்டும். எனக்கு, சப்னாவுக்கு, உங்கள் உம்மாவான மாமிக்கு, காக்காவுக்கு. மௌலவி ஊசி நூலைக்கூட விட வேண்டாம் என்றாராம்.

தஸ்பீஹை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அது வெறும் மாலை, என் கையில் கிடக்கட்டும் என்றேன்.

காக்கா சொன்னார். “கிடக்கட்டும், நான் வேணாங்கல்ல. ஆனா அம்பர் எண்டு தம்பி என்னட்டயும் சொன்னவன். அரபு நாட்டுல அதுக்குப் பெரிய விலை. விலையத் தெரிஞ்சி உங்கட பங்குக்குள்ள வெச்சிக்கோங்க. தெரியாம வெச்சா உம்மாக்குச் சேர வேண்டிய ஹக்கு அதுக்குள்ள இரிந்தாலும் இரிக்கும்.”

நியாயம்தான். அவர் தானே கல்முனையில் நகைக்கடைப் பக்கம் கொண்டுபோய்க் காட்டி வருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று இப்போதும் என்னையே கேட்கிறேன். கையைவிட்டுப் போனால் திரும்பி வராது என்ற பயம்தான். வெளியே சொன்னது வேறு, “பொறகு பாப்பம் காக்கா” என்று. அவருக்குக் குரலில் விளங்கியிருக்கும். கதிரையை இழுத்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் சப்னா சொன்னாள், இப்போது கடைக்குப் போகத் தேவையில்லை, படம் எடுத்து அனுப்பினால் போனிலேயே விலை சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று. எனக்கு அது அல்லாஹ் காட்டின வழி போலத் தோன்றியது. தஸ்பீஹ் என் கையைவிட்டுப் போகாது, நானும் வாசலைத் தாண்டத் தேவையில்லை. பேஸ்புக்கில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தாள். பழைய சாமான்களுக்கு விலை சொல்வோம் என்று போட்டிருந்தது. வட்ஸ்அப்பில் ஸலாம் சொல்லி ஒருவர் பதில் அனுப்பினார். நல்ல தமிழ். சகோதரி, சகோதரி என்றுதான் எழுதினார்.

முதலில் படம் கேட்டார். ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து எடுத்து அனுப்பினோம். பிறகு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம், குஞ்சத்தைக் கிட்ட வைத்து ஒரு படம். அளவு தெரியாமல் எப்படி விலை சொல்வது, சரிதானே என்று அதையும் அனுப்பினோம். ஒருநாள் போனில் கூப்பிட்டார். நான் பதறிப்போய்ச் சப்னாவைக் கொண்டு எழுதச் சொன்னேன்: கோல் எடுக்க வேண்டாம், நான் இத்தாவில் இருக்கிறேன், கணவர் மௌத்து, வீட்டில் நானும் மகளும் மட்டும், எழுத்தில் கேளுங்கள்.

நான் என்னவோ மானமாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன் மச்சான். ஆண் துணை இல்லாத வீடு என்று முன்பின் தெரியாத ஒருவனுக்கு என் வாயாலேயே சொல்லிவிட்டேன் என்பது அப்போது விளங்கவில்லை.

அவர் அனுதாபம் எழுதினார். கணவர் எந்த நாட்டில் இருந்தார் என்று கேட்டார். குவைத் என்றோம். எத்தனை வருடம், என்ன வேலை. பிறகு எந்த ஊர், எந்தப் பள்ளிப் பக்கம், எந்தக் குடி, எந்த வம்சம் என்று கேட்டார். நம் பக்கத்து ஆட்கள் யாரோடு கதைத்தாலும் முதலில் கேட்பது அதைத்தானே. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடமும் கேட்போம், கலியாண வீட்டிலும் கேட்போம். கேட்காவிட்டால்தான் என்ன மனிசன் என்போம். குடியைக் கேட்டதும் எனக்கு அவர் நம் ஆள் ஆகிவிட்டார். பள்ளிக்குப் பின்பக்க ஒழுங்கை, பச்சைக் கேற் என்றுகூட எழுதச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் விலை சொல்ல முன்கூட்டிக் கட்டணம் வேண்டும் என்றார். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வேண்டும் என்றார். போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். சப்னா நிறுத்திவிட்டாள். “உம்மா, மாலைக்கு விலை சொல்ல என்ட பேங்க்ல இருந்து வார நம்பர் என்னத்துக்கு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். காசு, அட்டை, இலக்கம் ஒன்றும் அனுப்பவில்லை. அப்படியானால் நேரில் பார்க்க ஒரு பெண்ணை அனுப்பவா, இத்தாவுக்கும் பிரச்சினை இல்லைதானே என்று எழுதினார். வேண்டாம் என்று எழுதி, அந்த இலக்கத்தை மறித்துவிட்டாள். அதோடு முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

எட்டு நாள் கழித்து, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் பாயில் இருக்கும்போது கேற் தட்டுகிற சத்தம். ஒரு பெண். கறுப்பு அபாயா, கையில் பழப்பை. ஸலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். அக்கரைப்பற்று என்றாள். தன் கணவரும் உங்களோடு குவைத்தில் ஒரே இடத்தில் இருந்தவராம், இப்போதுதான் செய்தி தெரியுமாம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மௌத்து வீட்டுக்கு வருகிற பெண்ணை யார் என்று கேட்கிற வழக்கம் நமக்கு உண்டா? மூன்று மாதமாக எத்தனை பேர் வந்திருப்பார்கள். பாதிப் பேரின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. அழ வந்தவளோடு சேர்ந்து அழுவோம், தேத்தண்ணி கொடுப்போம், அவ்வளவுதான். சப்னா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அவருக்கிட்ட மஞ்சள் தஸ்பீஹ் ஒண்டு எப்பவும் கையில இரிக்குமாம். எங்கட அவர் சொல்லிச் சொல்லிக் கவலப்படுவார். அதுல நானும் நாலு தஸ்பீஹ் ஓதி அவருக்குச் சேத்து வைக்கட்டா ராத்தா?”

உங்களுக்காக ஓதுகிறேன் என்று ஒருத்தி கை நீட்டும்போது நான் எப்படி இல்லை என்பேன்? காக்காவுக்குக் கொடுக்காததை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு, கையை அபாயாவின் மடிக்குள் வைத்து ஓதினாள். உதடு அசைந்தது. இடையில் ஒருமுறை மூக்கைச் சிந்தப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்தாள். முடிந்ததும் தஸ்பீஹை முத்தமிட்டு என் கையில் வைத்தாள். போக வேண்டும், ஆட்டோ நிற்கிறது, மஃரிபுக்கு முதல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழும்பினாள். அப்போதுதான் கவனித்தேன், கேற்றுக்கு வெளியே ஓர் ஆட்டோ இஞ்சினை நிறுத்தாமல் நின்றது.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை மச்சான். அதே மஞ்சள், அதே அளவு, அதே கறுப்புக் குஞ்சம். பழக்கத்தில் கை தானாக எண்ணத் தொடங்கியது, அவ்வளவுதான். ஸுப்ஹானல்லாஹ், ஸுப்ஹானல்லாஹ் என்று அவள் சாமானை எடுத்துக்கொண்டு திரும்புகிற நேரத்துக்குள் ஓடிப் போனது. முப்பத்திரண்டு முடிந்து பெருவிரலை மடக்கப் போனேன்.

விரலுக்குக் கீழே இன்னும் ஒரு மணி இருந்தது.

பிழையாக எண்ணிவிட்டேனோ என்று திரும்பவும் எண்ணினேன். அவள் மண்டபத்தைத் தாண்டுகிறாள். அவசரத்தில் எண்ணிக்கை தப்பித் தப்பிப் போகிறது. விட்டுவிட்டு ஒரு மணியை உள்ளங்கையில் தேய்த்து மூக்கில் பிடித்தேன். ஒரு மணமும் இல்லை.

எழும்பினேன். “தங்கச்சி, நில்லுங்க. இது அவர்ட தஸ்பீஹ் இல்ல.”

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. “என்ன ராத்தா இது. கவலையில இரிக்கிற ஆக்களுக்கு இப்படித்தான் மனசு தடுமாறும். நீங்க தந்ததத்தானே நான் திருப்பித் தந்தன்.”

“இதுல முப்பத்தி மூணு இரிக்கி.”

“தஸ்பீஹ் எண்டா முப்பத்தி மூணுதானே.”

“அவருக்கு முப்பத்திரண்டு” என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் கேற்றைப் பார்த்தது. அடுத்த கணம் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் முற்றத்தில் இறங்கிவிட்டாள். வெளியே ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

நானும் இறங்கினேன். வாசற்படியைத் தாண்டி, வெறுங்காலோடு, முக்காடு தோளில் விழ. முற்றத்தில் மூன்று நாலு அடி இருக்கும். அந்த ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தான். மூன்று மாதமாக ஒரு வெளி ஆணும் பார்க்காத முகம். சப்னாவைக் கூப்பிட்டுக் கேற்றைப் பூட்டச் சொன்னேன். அவள் குசினிப் பக்கத்தால் அந்தப் பெண்ணுக்கு முந்தி ஓடி வந்து கொண்டியைப் போட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டு நின்றாள். வெளியே அவன் இறங்கிக் கேற்றைத் தள்ளினால் என்ன செய்வது? இரண்டு பெண்கள். உங்கள் ஆட்டோ படங்குக்குள். நீங்கள் மண்ணுக்குள்.

பின்பக்க மதில் இடைவழியால் அடுத்த வீட்டு மரியம் ராத்தா வந்தது அப்போதுதான். சப்னா ஓடும்போது கத்தியிருக்க வேண்டும். மீன் அரிந்த கையோடு, முழங்கை வரைக்கும் செதிளோடு வந்தார். பின்னால் அவர் மருமகள், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மரியம் ராத்தா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கேற்றுக்கு முன்னால் தரையில் சம்மாணம் கட்டி உட்கார்ந்தார்.

“எங்க மகள் போறாய், தேத்தண்ணி குடிக்காம? ஊத்தி வெச்சது ஆறுது. குடிச்சிட்டு, எடுத்தத வெச்சிட்டுப் போ.”

வெளியே இஞ்சின் சத்தம் கூடியது. பிறகு தூரமாகிப் போனது. அவன் அவளை விட்டுவிட்டே போய்விட்டான்.

அந்தப் பெண் லேஞ்சியை விரித்து அதற்குள் கிடந்ததை எடுத்து என்னிடம் நீட்டினாள். கைமாறிப் போய்விட்டது என்றாள். தன்னிடமும் அதே போல ஒன்று இருக்கிறது என்றாள். நான் அந்த இடத்திலேயே எண்ணினேன். முப்பத்திரண்டு. பெருவிரல். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவளைப் பிடித்து வைக்க வேண்டும் என்று மரியம் ராத்தாவின் மருமகள் சொன்னாள். நான் அவள் காலைப் பார்த்தேன். ஒரு செருப்புத்தான் இருந்தது. போக விடச் சொன்னேன். அது சரியா பிழையா, எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வீட்டில் போய் அழுவாளோ? நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

காக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. மறுநாள் காலையில் வந்தார். திரைக்கு இந்தப் பக்கமிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மடத்தனத்தையும் சேர்த்துத்தான்.

“என்ட கையில தர உங்களுக்கு ஏலாமப் போச்சி” என்றார் காக்கா. “போன்ல ஊர் உலகத்துக்கே காட்டிட்டீங்க.”

அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும். உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்தவரை நான் நம்பவில்லை. எந்தக் குடி என்று கேட்ட ஒரு போனை நம்பினேன். என்ன சொல்வதென்று தெரியாமல், தஸ்பீஹை எடுத்துத் திரைக்குக் கீழால் அவர் பக்கம் தள்ளினேன்.

மணி உருளுகிற சத்தம் கேட்டது. அவர் ஓதுகிறார். ஒவ்வொன்றாக, மெதுவாக. முடிவில் சத்தம் நின்றது.

“ஒண்டு குறையுதே” என்றார்.

“அத அவர் பெருவிரல்ல எண்ணுவார் காக்கா.”

தஸ்பீஹ் அதே வழியால் திரும்பி வந்தது. விலையைச் சரியான ஆளிடம் கேட்போம், உம்மாவின் பங்கைத் தன்னால் விட்டுக்கொடுக்க முடியாது, தன் பங்கைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம் என்றார் காக்கா. அந்தப் போலித் தஸ்பீஹையும், சப்னா சேர்த்து வைத்திருந்த வட்ஸ்அப் எழுத்துகளையும் பொலிசில் கொடுக்கக் கொண்டுபோனார்.

பிறகு நாங்கள் திரும்பவும் போனில் விலை கேட்டோம் மச்சான். சூடு கண்டுவிட்டு என்ன துணிவு என்று கேட்பீர்கள். இந்த முறை சப்னா வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்து மட்டும் படம் எடுத்தாள். ஜன்னல் இல்லை, வீடு இல்லை. ஊர் சொல்லவில்லை, இத்தா சொல்லவில்லை. அடையாள அட்டை, போனுக்கு வருகிற இலக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. எத்தனை மணி என்பதையும் சொல்லவில்லை. நமக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளம் நம்மோடு இருக்கட்டும் என்றாள். ஒருவரை நம்பாமல் இரண்டு பேரிடம் கேட்டோம். இரண்டு பேர் சொன்ன விலையும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம். ஆனால் இரண்டு பேரும் ஒன்றைச் சொன்னார்கள்: படத்தைப் பார்த்துச் சொல்வது அனுமானம்தான், கையில் எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, அதுவரைக்கும் யாரிடமும் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்று. காசு கேட்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. எனக்கு அதில்தான் நம்பிக்கை வந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு வாசற்படியைத் தாண்டிய அந்த மூன்று நாலு அடி. மௌலவியின் வீட்டுக்காரி, அவசரத்துக்கு இறங்கினால் குற்றமில்லை என்று சொல்லி அனுப்பினார். நான் தௌபா செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனாலும் தொழுகையில் நிற்கும்போது அந்த ஆட்டோக்காரன் என்னைப் பார்த்த பார்வை வந்து நிற்கிறது. உங்கள் சாமானைக் காப்பாற்றப் போய் உங்களுக்குரிய இத்தாவைக் குறைத்துவிட்டேனா?

இன்னும் இருபத்து நான்கு நாள். முடிந்த மறுநாள் காக்காவும் நானும் சப்னாவும் ஒன்றாகப் போவோம். தஸ்பீஹ் என் கையில்தான் வரும். பார்க்கிறவர் என் கண்ணுக்கு முன்னால் பார்க்கட்டும், விலையை எழுத்தில் தரட்டும். மாமிக்குரியது மாமிக்குப் போகும். மிச்சம் என் பங்குக்குள் அடங்கினால் அல்லாஹ்வுக்கே புகழ். அடங்காவிட்டால் வயலில் என் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இந்தத் தஸ்பீஹ் வீட்டைவிட்டுப் போகாது. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

எவ்வளவு விலை வந்தாலும் அந்த முப்பத்து மூன்றாவது மணியை வாங்கிக் கோக்க மாட்டேன். அதற்கு என் பெருவிரல் இருக்கிறது.

இப்படிக்கு,
நீங்கள் “புள்ள” என்று கூப்பிட்ட பெண்சாதி,
சப்னாவின் உம்மா